கோடு விழாத சக்கரம்

பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பள்ளத்தில் இறங்கி நெளிந்துபோன அலாய் வீல்களை, அதாவது காரின் அலுமினியச் சக்கரங்களை, நிமிர்த்திக் கொடுப்பவர் என்பதால் தெரு அவரைக் கோணல் என்றது. மரியாதை தெரிந்தவர்கள் கோணல் அண்ணன் என்றார்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மீதியைச் சுத்தியல் பேசிக்கொள்ளும்.

அன்று காலை பத்து மணிக்குப் பிரசவ வார்டு நர்ஸம்மா தன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வண்டிக்குப் பதினெட்டு வயது. போன வாரம் கொண்டுவந்து விட்டபோது நாலு சக்கரமும் ஓரம் நசுங்கி, நிறம் செத்துக் கிடந்தன. "புது வீல் வாங்குற காசுக்கு இந்த வண்டியையே ரெண்டு தடவ வாங்கலாம்ண்ணே. கைக்கு அடக்கமா ஏதாச்சும் பண்ணிக் குடுங்க" என்றிருந்தார். இன்று வெள்ளி நிறத்தில் மின்னிய சக்கரங்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "என் வண்டிதானா இது" என்று சிரித்தார். அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, மலைக்கு மேலே இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்.

நாலில் மூன்றைத்தான் கோணல் சூடு காட்டி நிமிர்த்தியிருந்தார். நாலாவதில் விரிசல் இருந்தது. உள் ஓரத்தில் தொடங்கி நடுவைப் பார்த்து ஓடும் மயிரிழை. விளிம்போடு நின்றிருந்தால் பற்றவைத்திருப்பார். இது சுமை தாங்கும் இடம்வரை போயிருந்தது. அதைக் கழித்துவிட்டு, அதே மாதிரிப் பழைய சக்கரம் ஒன்றை இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து பிடித்தார். பெயின்ட் வேலை மச்சானுடையது. மனைவியின் தம்பி. பின்பக்கத் தகரக் கொட்டகையில் முகமூடியோடு நிற்பவன்.

வண்டி போனபின், மூலையில் மிஞ்சிக் கிடந்த சக்கரத்தை உருட்டி வந்தார். கழித்ததை முழுசாக வெளியே விட்டால் எவனாவது பூசி மெழுகி இன்னொருவன் தலையில் கட்டிவிடுவான். அதனால் அறுத்துத்தான் போடுவார். விரிசல் வழியே ரம்பத்தை வைத்தால் வேலை சுலபம். ஆனால் மச்சான் இதற்கும் சேர்த்து வெள்ளி அடித்திருந்தான். பெயின்ட் மிஞ்சினால் அவன் கை சும்மா இருக்காது. விரிசல் கண்ணில் படவில்லை.

உட்புறப் பெயின்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவினார். மறுபக்கம் சாக்பீஸ் பொடியைப் பூசினார். எவ்வளவு மெல்லிய விரிசலானாலும் மண்ணெண்ணெய் அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு விழும். கால் மணி பொறுத்தால் போதும். பொறுத்திருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. இந்தத் தொழிலில் அவருக்குப் பிடித்ததே அதுதான்.

கால் மணி ஆயிற்று. பொடி வெள்ளையாகவே இருந்தது.

இடம் தவறியிருக்கும் என்று சுற்று முழுவதும் சுரண்டி, தடவி, மறுபடி பூசிவிட்டுக் குந்தினார். எதிர்க்கடை ஷட்டர் ஏறியது. ஒரு சைக்கிள் போனது. எத்தனையோ தடவை கோடு விழுந்துவிடக் கூடாதே என்று அந்தப் பொடியைப் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் முதல்முறையாக, விழு, விழுந்து தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

விழவில்லை. கையில் இருந்தது நல்ல சக்கரம்.

அப்படியானால் விரிசல் சக்கரம் பத்து மணிக்கே மலைக்குப் புறப்பட்டுவிட்டது.

மச்சானைக் கூப்பிட்டார். அவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தான்.

"ஒண்ணுல பெருக்கல் குறி போட்டு வச்சிருந்தேனே. சாக்பீஸ்ல."

"அதத் தொடச்சாத்தான மாமா பெயின்ட் பிடிக்கும்."

"தொடச்சிட்டு எது எதுன்னு எப்படி வச்சே?"

"வரிசைல கடைசில இருந்துச்சு, கடைசிலதான் வச்சேன். அப்புறம் காயறதுக்குத் திருப்பிப் போட்டப்ப…" அவன் பார்வை சாக்பீஸ் பூசிய சக்கரத்தின் மேல் விழுந்தது. தொழில் தெரிந்தவன். முகம் வெளுத்தது. "கோடு விழலையா மாமா?"

கோணல் போனைக் காதில் வைத்திருந்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஓட்டும்போது போனைப் பையில் போட்டுப் பின் சீட்டில் எறிந்துவிடுவேன் என்று நர்ஸம்மா ஒருமுறை பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று நல்ல பழக்கம் என்று தலையாட்டியிருந்தார்.

மச்சான் பைக்கை ஓட்டினான். பின்னால் கோணல், மடியில் அந்தச் சக்கரம், சட்டைப் பையில் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் சாக்பீஸும்.

இரும்பு வளைந்து எச்சரிக்கும். அலாய் அப்படியில்லை, பிஸ்கட் மாதிரி உடையும். வளைவில் எடை முழுக்க ஒரு பக்கம் சாயும்போது உடையும். இது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தவனுக்குத்தான் பயமும் அதிகம்.

முதல் நாளே ஏன் அறுக்கவில்லை? இந்தக் கேள்வி அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து கூடவே வந்தது. மாற்றுச் சக்கரம் கிடைக்காமல் போனால் என்ற யோசனை. கிடைக்காவிட்டால் பற்றவைத்து மேலே வெள்ளி அடித்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு. ஒரு நொடிதான் நினைத்தார். அந்த ஒரு நொடிக்காக அதை மூன்று நாள் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மச்சான் துடைத்தது வெறும் சாக்பீஸ். பாவம், அவனை என்ன சொல்ல.

"மாமா, ஏதாச்சும் பேசிட்டு வாங்களேன். பொணத்த ஏத்திட்டுப் போற மாதிரி இருக்கு."

"ரோட்டப் பாரு."

மலைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கோணலின் கண் முதலில் தடுப்புச் சுவரைத் தேடியது, பிறகு தரையை. கண்ணாடித் தூள் இல்லை. டயர் இழுத்த கறுப்புத் தடம் ஒன்று இருந்தது, பழையது. இன்னொன்று இருந்தது, அது பழையதா என்று நிச்சயமில்லை. அதைத் தாண்டிய பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது வளைவில் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் பைக்கை நிறுத்தினான். இருவரும் இறங்கவில்லை. சக்கரத்தின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் கோணலுக்கு மரத்துவிட்டன. போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காதவரை ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுவரைப் பார்க்காமல் ஒரு கிழவரின் செருப்பைப் பார்த்தபடி, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்.

"பஸ்ஸு சூடாகி நின்னுபோச்சு. டிரைவர் தண்ணி பிடிக்கக் கீழ இறங்கினாரு, இன்னும் ஏறக் காணோம். நமக்கு வாய்ச்சது அவ்வளவுதான்."

சுவரோரம் அவர்களுக்குப் பின்னால் பஸ் நின்றிருந்தது. அத்தனை பெரிய பஸ் இவ்வளவு நேரம் அவர் கண்ணில் படவே இல்லை.

இன்னும் நாலு வளைவு தாண்டி, சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. அதன் முன்னால் அந்தப் பழைய கார், இடது முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. நர்ஸம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பஞ்சர் கடைக்காரர் நட்டு முடுக்க ஸ்பேனரை எடுத்திருந்தார்.

"வாங்கண்ணே. உங்களத்தான் வாயில போட்டு மென்னுட்டு இருக்கேன்" என்றார் நர்ஸம்மா. "கைக்கு அடக்கமா கேட்டா காத்தும் அடக்கமாத்தான் நிக்குமா? பாதி மலை ஏறுறதுக்குள்ள டயர் உக்காந்துடுச்சு. ட்யூப் இல்லாத டயரு, இவரு சோப்புத் தண்ணி தேச்சுப் பாத்துட்டு டயர்ல ஓட்டையே இல்லங்கறாரு."

"காத்து அடிச்சாச்சும்மா. தாராளமா போகலாம்" என்றார் கடைக்காரர்.

திட்டுவதற்கு அவர் உயிரோடு நிற்கிறார் என்பதைத் தவிர கோணலின் தலைக்குள் எதுவும் ஏறவில்லை. அதற்குள் மச்சான் முந்திக்கொண்டான். "வால்வு சரியா உக்காரலக்கா. வண்டி போனப்புறம்தான் மாமாவுக்கு உறுத்துச்சு. அதான் வேற வீலோட ஓடி வந்தோம்."

நர்ஸம்மாவின் முகம் இளகியது. "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அந்த நொடி அப்படியே நின்றது. தலையை ஆட்டினால் போதும். சக்கரம் மாறிவிடும், வண்டி மேலே போய்விடும். யாருக்குத் தெரியப் போகிறது. அதே வார்த்தைகள், அதே வரிசையில், போன வாரம் உள்ளுக்குள் கேட்ட அதே குரல். ஒன்பதாவது வளைவில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

"வால்வு இல்லம்மா" என்றார்.

கடைக்காரரிடம் டயரைக் கழற்றச் சொன்னார். உட்புறப் பெயின்டைச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் பொடி பூசினார். கால் மணி தேவைப்படவில்லை. கைக்குட்டையை மடிப்பதற்குள் கோடு விழுந்தது. விளிம்பிலிருந்து புறப்பட்டு நடுவரைக்கும். கழித்தபோது இருந்ததைவிட ஒரு விரல் நீளம் கூடுதல்.

"இது கழிச்ச வீலு. மாத்தி மாட்டிட்டேன். அந்தக் கீறல் வழியாத்தான் காத்து போயிருக்கு. போகாம இருந்திருந்தா…"

கடைக்காரர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார். நர்ஸம்மா கோட்டைப் பார்த்தார். அப்புறம் காருக்குள் பெல்ட்டோடு தூங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"எங்க வார்டுல ரெட்டப் புள்ள பொறந்தா பொறந்த நிமிஷமே கால்ல சீட்டு கட்டுவோம்" என்றார், குரல் உயர்த்தாமல். "தண்ணி பட்டாலும் அழியாத சீட்டு."

கோணல் கடைக்காரரிடம் உளி வாங்கினார். விரிசல் சக்கரத்தின் முகத்தில், வெள்ளியைக் கிழித்துக்கொண்டு ஆழமாக ஒரு பெருக்கல் குறி வெட்டினார். அந்தச் சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டார்.

"மிச்சம் மூணும்?" என்றார் நர்ஸம்மா.

"நான் பாத்ததுதாம்மா."

"இதுவும் நீங்க பாத்ததுதான்."

கொண்டுவந்த நல்ல சக்கரத்தில் டயரை ஏற்றி முன்பக்கம் மாட்டினார்கள். கோணல் ஜாக்கியைப் பின்பக்கம் கொண்டுபோனார். மச்சான் நட்டைக் கழற்றினான், கடைக்காரர் டயரைப் பிரித்தார். நர்ஸம்மா அம்மாவை மெல்ல இறக்கி, கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்காரவைத்துவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தார். கோணல் மண்ணெண்ணெய் தடவி, பொடி பூசி, சக்கரத்தை அவர்களுக்கு நேராகச் சாய்த்து வைத்தார். நர்ஸம்மா நாடி பிடிப்பதுபோல் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தார்.

"கால் மணியா?"

"கால் மணி."

மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கியது. ஐந்து பேரும் அந்த வெள்ளைப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. கோடு இல்லை. பதினைந்து ஆயிற்று. கோடு இல்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை.