தொடாதே என்று எழுதிய வரி

கணினி நிரலில் திருத்தம் என்னவோ இரண்டே வரிதான். மேலே இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. அதைக் கலிமா புதன்கிழமை காலை பத்தரைக்கே கண்டுபிடித்துவிட்டாள். மத்தியானம் இரண்டு மணியாகியும் மாற்றவில்லை. இடுப்பில் கம்பளிச் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன தேநீர்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, அந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது.

ஆம்புலன்ஸ் மையத்துக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் அவள் சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரலில் ஒரு சங்கிலிக் கண்ணி. கண்ணிக்குத் தன் சேதி தெரியும், அடுத்த கண்ணியின் முகவரி தெரியும், அவ்வளவுதான். நடுவில் ஒன்றை எடுக்கும்போது, அதனிடமிருந்து அடுத்ததன் முகவரியை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் அதை அனுப்பலாம். கலிமா முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் முகவரி கேட்டிருந்தாள். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு, திரும்பப் போய்ச் சுவரில் ஒட்டிய சீட்டைப் படிப்பது போல. அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று சி மொழி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. பழைய கணினி சோம்பேறி, காலியான வீட்டைப் பெருக்காது. சீட்டு அப்படியே இருந்தது, ஒன்பது வருடம் எல்லாம் ஓடியது. இலையுதிர்காலத்தில் வந்த புதுக் கணினிக்குச் சுத்தம் அதிகம். சில சமயம் சாவி கைக்கு வந்த உடனே பெருக்கிவிடுகிறது. அப்போது பின்னால் நிற்கும் அழைப்பு அறுந்து போகிறது. சத்தமே இருக்காது.

அப்படித்தான் ஜனவரியில் ஒரு மத்தியானம், மேல் கிராமத்து ஒமுர்பெக்கின் நெஞ்சுவலி பட்டியலிலிருந்து காணாமல் போனது. அதற்கு முந்தின அழைப்பை முடித்து மூடியவள், மையத்தில் தொலைபேசி எடுக்கும் சாயிராகுல். ஒமுர்பெக்கின் மகன் ஐம்பது நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டபோது, வண்டிக்கு வேலை இருக்கவில்லை. விசாரணைக்காரர்கள் பதிவேட்டைப் புரட்டி, சாயிராகுல் கை தவறி அழித்துவிட்டாள் என்று எழுதினார்கள். கணினி பொய் சொல்லாது என்று ஊரே நம்புகிறது. கணினியிடம் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவள் இங்கே உட்கார்ந்து தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள்.

மையத்தின் தலைவர் தொக்தோசுன் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். "நிரல் சரியா வேலை செய்யுதுன்னு ஒத்தை வரி. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடும்மா."

"சாயிராகுல் என்ன ஆவா அண்ணே?"

"என்ன ஆவா, வீட்டுக்குப் போவா. பதினாறு வருஷம் போன் எடுத்தது போதாதா? நீ போயிட்டா இந்தப் பொட்டிகள யாரு மேய்க்கிறது, நானா?"

அவர் கெட்டவர் இல்லை. களைத்தவர். கலிமாவும்தான். மூன்று அலுவலகத்து நிரல்களை ஒற்றை ஆளாகப் பார்த்து, ஒட்டுப்போட்ட இடத்திலேயே மறுபடி ஒட்டுப்போட்டு, ஐம்பத்தொரு வயதுக்கு அவளிடம் மிச்சமிருந்தது கழுத்துவலிதான். சத்தமில்லாமல் இரண்டு வரியை மாற்றிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

சாயிராகுல் கதவைத் தட்டாமலே வந்தாள். கையில் துணியில் சுற்றிய ரொட்டி.

"சாப்பிட்டீங்களா அக்கா? முகம் ஏன் இப்படி வத்திப் போயிருக்கு?" ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டைக் கலிமாவின் பக்கம் நகர்த்தினாள். "வெள்ளிக்கிழமை ஒமுர்பெக்குக்கு நாப்பதாம் நாள் சடங்கு. போகலாம்னு இருக்கேன்."

"நீ எதுக்குடி போற?"

"என் விரல்தான் அழுத்திச்சுன்னு சொல்லணும்ல. மொதல்ல நான் இல்லைன்னுதான் நெனச்சேன். இத்தனை பேரு சொல்றப்போ நான்தான் அழுத்தியிருப்பேன். விரலுக்கு என்ன புத்தியா இருக்கு?"

கலிமா ரொட்டியைத் தொடவில்லை. கிண்ணத்தைத் தாளின் மேலேயே வைத்தாள். "இங்க வந்து உக்காரு" என்றாள்.

சோதனைப் பட்டியலைத் திறந்து, எட்டுப் பொய்ப் பெயர்களைப் போட்டு, ஒன்றை மூடச் சொன்னாள். சாயிராகுல் அழுத்தினாள். பட்டியல் ஒழுங்காக நின்றது. மறுபடியும் அழுத்தினாள். அப்போதும் நின்றது. நாய் கடிக்க வேண்டிய நேரத்தில் வாலை ஆட்டுகிறது. தவறாமல் அறுந்துபோகச் செய்ய வழி ஒன்றுதான் உண்டு. நிரலின் நடுவே சும்மா ஒரு சொல்லைத் திரையில் எழுதும் வரி ஒன்று இருந்தது. அது குறுக்கே இருந்தவரைதான் பழைய கணினி சோம்பேறியாக இருந்தது; புதியதற்கு அதுவும் போதவில்லை. அதை எடுக்க வேண்டும். அதன் தலைமேல் கலிமாவின் குறிப்பு, ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதியோடு: 'இந்த வரியைத் தொடாதே. எடுத்தால் பட்டியல் அறுகிறது. ஏன் என்று பிறகு பார்க்கிறேன். கலிமா.'

சாயிராகுல் உதட்டசைத்துப் படித்தாள். கலிமா வரியை எடுத்தாள். "இப்ப அழுத்து."

ஒரு பெயரை மூடியதும் கீழே இருந்த பெயரும் போய்விட்டது. இன்னொரு தடவை அழுத்தினாள். போனது. சாயிராகுல் விரலைத் தூக்கி, அதையே பார்த்தாள்.

"ஒன்பது வருஷமாவே தெரியுமா உங்களுக்கு?"

"அறுகுதுன்னு தெரியும். வரிய வெச்சா நிக்குதுன்னு தெரியும். அப்புறம் பாக்கலாம்னு விட்டுட்டேன்."

"முப்பத்தெட்டு நாளா அக்கா." குரல் உயரவே இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இந்த விரல வெச்சு எம்புள்ளைக்குத் தலை வாரக்கூட பயந்தேன்."

மன்னிப்பு என்ற சொல் கலிமாவின் வாய்வரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

"மாத்துங்க" என்றாள் சாயிராகுல்.

இரண்டு வரியும் இடம் மாறின. தொடக்கூடாத வரியைக் கலிமா திரும்ப வைக்கவில்லை. குறிப்பை மட்டும் விட்டுவைத்தாள், விசாரணைக்காரர்கள் படிக்கட்டும். சாயிராகுல் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு பொய்ப் பெயர்களுக்குக் கீழே நிதானமாகத் தட்டினாள்: ஒமுர்பெக், மேல் கிராமம், ஆற்றுப்பாலத்துக்கு அடுத்த நீல வாசல், நெஞ்சுவலி. முகவரி அவளுக்கு மனப்பாடம்.

மேலே இருந்ததை மூடினாள். ஒமுர்பெக் நின்றார். அடுத்ததையும் மூடினாள். ஒமுர்பெக் நின்றார்.

தாழ்வாரத்தில் தொக்தோசுனின் காலணிச் சத்தம் நெருங்கி வந்தது. கையெழுத்து விழாத தாளில் தேநீர்க் கிண்ணம் வட்டமாகக் கறை வைத்திருந்தது. கடைசிப் பெயரையும் மூட வேண்டும், சோதனை முடிந்துவிட்டது. இருவர் கையும் அசையவில்லை. திரையில் அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் எண் மாறியது: காத்திருப்பு, மூன்று நிமிடம். காத்திருப்பு, நான்கு நிமிடம்.