அடியில் ஒரு நத்தை

ஐந்தாவது பட்டறையிலும் மரீஸ் ஒன்றும் வாங்கவில்லை. ஒவ்வொரு கிண்ணமாக எடுத்தாள், கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். பட்டறைக்காரி என்னைப் பார்த்து, "உங்க வீட்டம்மா என்ன, பானைக்கெல்லாம் இன்ஸ்பெக்டரா?" என்றாள். அசடு வழிந்தபடி வெண்ணெய் வைக்கிற கிண்ணம் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு பிரான்ஸின் நடுவே இருக்கிற பெர்ரி பக்கம் போகலாம் என்று சொன்னது அவள்தான். அந்த மூன்று நாளும் அங்கே எல்லா மண்பாண்டப் பட்டறைகளும் திறந்திருக்கும். பலகை கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எங்கள் இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் மண்பாண்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இரண்டாம் நாள் ஓக் மரங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருக்கும்போது, இவள் யாரையோ தேடுகிறாள் என்று பட்டது. பழைய காதலனாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஐம்பத்தாறு வயதில் அப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. மதியம் ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

எர்வேயை, என்றாள்.

எர்வே அவளுடைய அண்ணன். கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாள். ஓர்லியான்ஸில் அவர்கள் அப்பாவுக்கு ரொட்டிக்கடை. கடையை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு போனவர். அதன்பிறகு அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மார்ச் மாதம் மாமனார் இறந்தார். அவர் காபி குடிக்கிற கிண்ணத்தைக் கழுவி வைக்கும்போது மரீஸ் அதன் அடியைப் பார்த்திருக்கிறாள். ஒரு நத்தைப் படம் கீறியிருந்தது. பள்ளி நோட்டுகளின் ஓரத்திலெல்லாம் எர்வே வரைகிற அதே நத்தை. அந்தக் கிண்ணம் வந்த பார்சலின் தாளை மாமனார் இழுப்பறையில் மடித்து வைத்திருந்தார். அனுப்பியவர் பெயர் இல்லை. தபால் முத்திரையில் பெர்ரியின் மாவட்ட எண்ணும், பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியும் மட்டும் தெரிந்தன.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"கிடைக்கலைன்னா, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் உன் பரிதாப மூஞ்சியையும் பார்த்துக்கிட்டு வரணுமே."

ஏழாவது பட்டறை ஒரு மண்பாதையின் கோடியில் இருந்தது. முற்றத்துப் பலகையிலிருந்து பால் ஜாடி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தவள், அப்படியே நின்றாள். பிறகு அதை வைத்துவிட்டு, புகை வந்த திசையில் நேராக நடந்தாள். பின்னால் ஓடினேன். நீளமான சூளை ஒன்றின் வாயில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் விறகு போட்டுக்கொண்டிருந்தார். அனல் அடிக்கும், தள்ளி நில்லுங்கள் என்று நிமிராமலே சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"மரீஸ்," என்றார்.

கன்னத்தோடு கன்னம் வைக்கக்கூட இருவருக்கும் தோன்றவில்லை. அப்பா போய்விட்டதை அவள் சொன்னாள். எந்த மாதம் என்று கேட்டார். சொன்னாள். கையிலிருந்த கட்டையை உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். சூளையை அணையவிட முடியாது, விடிகாலையிலிருந்து இப்படித்தான் என்று என்னிடம் மன்னிப்பு கேட்பதுபோல் சொன்னார். பிறகு தீயைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டார்.

"ஒரு கிண்ணம் அனுப்பினேன். வந்துச்சா?"

"தினமும் அதுலதான் காபி. ரொட்டியை அதுலதான் தோய்ப்பார்."

எர்வே திரும்பினார். "அது கசியுமே. அந்தத் தடவை சூளை சரியா சூடேறலை. அனுப்பினப்புறம்தான் கண்டுபிடிச்சேன். தூக்கிப் போட்டிருப்பார்னு நெனச்சேன்."

"கசியத்தான் செஞ்சுது. அடியில துணியை மடிச்சு வெச்சுப்பார். அம்மா வேற கிண்ணத்தைக் கொடுத்தா கத்துவார்."

எர்வே விறகு அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். யாரோ துரத்தியதுபோல் சட்டென்று எழுந்து இரண்டு கட்டைகளை ஒன்றாகத் தள்ளினார்.

"அம்மாவுக்கு எண்பத்தி நாலு ஆச்சு," என்றாள் மரீஸ். "வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க அங்க இருப்போம்."

"சூளை ஆறவே நாலு நாள் ஆகும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டினாள். அடுக்கிலிருந்து விறகை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

முற்றத்தில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். என்னைத்தான் குயவர் என்று எண்ணி, இந்தத் தட்டை ஓவனில் வைக்கலாமா என்று கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம் என்றேன்.

நான் திரும்பியபோது எர்வே, சூடு ஏறியதா என்று பார்க்க, சூளைச் சுவரிலிருந்து ஒரு செங்கல்லை உருவிக்கொண்டிருந்தார். ஓட்டை வழியாக ஒரு முழ நீளத்துக்குத் தீ வெளியே நாக்கை நீட்டியது. அண்ணனும் தங்கையும் ஒன்றுபோலத் தலையைப் பின்னால் இழுத்தார்கள். பிறகு இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உள்ளே பார்க்க மறுபடி குனிந்தார்கள்.