கேள்வி எண் பதினேழு

ஓர்லா ஃபீனியின் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு. கொரிய மொழியில் 'ஓல்லா' என்றால் ஏறு என்று அர்த்தம். அவளுடைய வகுப்பறையோ நாலாவது மாடியில் இருந்தது. அந்த நடுநிலைப் பள்ளியில் லிஃப்டும் கிடையாது. காலையில் அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறும்போது, பின்னாலிருந்து யாராவது "ஓல்லா டீச்சர், ஓல்லா!" என்று குரல் கொடுப்பார்கள். முதல் மாதம் அவளுக்கு விஷயம் புரியவில்லை. புரிந்த பிறகு அவளும் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டாள்.

அயர்லாந்தில் ஸ்லைகோவிலிருந்து யோங்ஜு ஊருக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வந்து எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. வாசலில் ஷூவைக் கழற்றி உள்செருப்புக்கு மாறுவது, ஆசிரியர் அறையில் யார் எதிர்ப்பட்டாலும் தலை குனிவது, மதியம் தட்டை ஏந்தி வரிசையில் நின்று சோறும் சூப்பும் கிம்ச்சி ஊறுகாயும் வாங்குவது எல்லாம் பழகிப்போயிற்று. சனிக்கிழமைகளில் வியட்நாமிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்களோடு உட்கார்ந்து கொரிய மொழி படித்தாள். அந்தப் பெண்கள் அவளைவிட வேகம். மாமியாரோடு சண்டை போட மொழி வேண்டியிருக்கிறது, உனக்கு அந்த அவசரம் இல்லை என்று கேலி செய்வார்கள்.

இங்கிலீஷ் துறைக்குத் தலைவி மா யோங்சுக். வயது ஐம்பத்திரண்டு, இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஓர்லாவுக்கு இரண்டு மேசை தள்ளித்தான் உட்காருவார். ஆனாலும் எதையும் நேரில் சொல்ல மாட்டார். 'நாளை மூன்றாம் பீரியட் இல்லை', 'ஜன்னலைச் சாத்தவும்' என்று எல்லாமே கம்ப்யூட்டரில் செய்தியாக வரும். நேரில் பேச வேண்டி வந்தால் அவருடைய இங்கிலீஷ் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஒரு பிழை இருக்காது, ஒரு சொல் விழுங்கப்படாது. அவர் வெளிநாடு போனதே இல்லை.

அக்டோபரில் இடைப்பருவத் தேர்வு நடந்தது. கேள்வித்தாள் தயாரிப்பது கொரிய ஆசிரியர்களின் வேலை. பிள்ளைகளைப் பேசவைப்பதுதான் ஓர்லாவின் வேலை. தேர்வு முடிந்து விடைக்குறிப்பு ஒட்டிய வெள்ளிக்கிழமை, மூன்றாம் வருஷத்து மாணவி அன் காராம் மாடிப்படித் திருப்பத்தில் அவளை மறித்தாள்.

"டீச்சர், பதினேழாம் கேள்வி. இந்த இடத்துல 'ஹூ' போட்டா தப்பா?"

ஓர்லா வாங்கிப் பார்த்தாள். 'நான் நேற்று சந்தித்த மனிதர்' என்று வரும் வாக்கியம். கோடிட்ட இடத்துக்கு ஐந்து சொற்கள் கொடுத்திருந்தார்கள். அதில் 'ஹூ' ஒன்று, 'ஹூம்' ஒன்று. விடைக்குறிப்பில் 'ஹூம்' என்று இருந்தது.

"ரெண்டுமே சரிதான். எங்க ஊர்ல எல்லாரும் 'ஹூ'ன்னுதான் சொல்வோம். 'ஹூம்'னு சொன்னா, யாருடா இவன் வக்கீலான்னு பார்ப்பாங்க."

காராம் சிரிக்கவில்லை. "நிஜமாவா டீச்சர்?"

"நிஜமாத்தான்."

அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் பொரித்த கோழி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓர்லா அந்த நினைப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மா டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. 'கேள்வி 17 பற்றி மாணவியிடம் பேசினாயா?'

'ஆமாம், ரெண்டும் சரின்னு சொன்னேன்' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டு ஓர்லா அனுப்பினாள். இரண்டு மேசைக்கு அப்பால் மா டீச்சரின் முதுகு நிமிர்வதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிக்கும் முகத்தைப் போட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

காராம் ஆட்சேப மனு கொடுத்திருந்தாள். 'இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரே சரி என்றார்' என்று அதில் எழுதியிருந்தாள். 'ஹூ'வைக் குறித்தவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர்.

இரண்டாம் பீரியட் முடிந்ததும் மா டீச்சர் மூன்று இலக்கணப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓர்லாவின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"எந்த விதியின்படி 'ஹூ' சரி?"

"விதின்னு... தெரியலையே. அப்படித்தான் பேசுவோம்."

"அவ்விடத்தில் அது செயப்படுபொருள். ஆகவே 'ஹூம்' வர வேண்டும். இதை நான் விளக்க முடியும். நீ விளக்கு."

ஓர்லா கல்லூரியில் படித்தது புவியியல். எழுவாய், செயப்படுபொருள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவந்ததே இங்கே, இந்தப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டித்தான். தெரியாது என்று தலையாட்டிவிட்டு, கைக்கு வந்த புத்தகத்தைப் பிரித்தாள். மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்த பக்கம் திறந்துகொண்டது. அடியில் பொடி எழுத்தில், இக்காலத்தில் 'ஹூ'வும் வழங்கும் என்று ஒரு குறிப்பு.

"இதோ, இங்கேயே போட்டிருக்கே!"

"பார்த்தேன். அந்த மஞ்சள் காகிதத்தை ஒட்டியவளே நான்தான்" என்றார் மா டீச்சர். புத்தகங்களை அடுக்கினார். "நான் மறுத்துப் பேசும்படி உன்னிடம் ஏதேனும் காரணம் இருக்கும் என்று எண்ணினேன். இல்லை."

சாயங்காலம் துணைத் தலைமையாசிரியர் குக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாக்கெட்டைப் பிரித்து, வெந்நீரில் கொட்டி, அந்தப் பாக்கெட்டாலேயே கலக்கி ஒரு காபி கொடுத்தார். நல்ல மனிதர். அவளுக்குப் புரியட்டும் என்று கொரிய மொழியில் சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"டீச்சர், நாளைக்குக் கமிட்டி. உங்ககிட்ட கருத்துக் கேப்பாங்க. 'ஹூம்'தான் ரொம்பச் சரின்னு சொல்லிருங்க. அந்த 'ரொம்ப' போதும், நாங்க பாத்துக்கறோம்."

"ஆனா ரெண்டும்..."

"தெரியும், தெரியும். ஆனா பாருங்க, எல்லாத் தாளையும் மறுபடி திருத்தணும். வீட்டுக்கு வீடு லெட்டர் போகணும். சரியா எழுதின பிள்ளைங்களோட அம்மாக்கள் சும்மா விடுவாங்களா? இருபத்தாறு வருஷத்துல மா டீச்சர் வச்ச ஒரு கேள்விகூட தள்ளுபடி ஆனதில்ல." காபியை ஒரு வாய் உறிஞ்சினார். "அடுத்த மாசம் உங்க காண்ட்ராக்ட் விஷயமும் வருது. நீங்க இங்கேயே இருக்கணும்னுதான் எங்களுக்கும் ஆசை."

மிரட்டுகிற குரல் இல்லை. அதனாலேயே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலாம் பீரியட், தலைமையாசிரியர் அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இங்கிலீஷ் பேச்சு முழுசாகப் புரிகிறவர் மா டீச்சர் ஒருவர்தான். அதனால் ஓர்லா சொல்வதை மொழிபெயர்க்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. தன் கேள்வி தப்பா இல்லையா என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

ஓர்லா வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்தாள். பொய்யும் சொல்லக் கூடாது, இந்த அம்மாளையும் மாட்டிவிடக் கூடாது.

"பேச்சுல ரெண்டும் சரிதான். ஆனா ரொம்ப மரியாதையான எழுத்துல 'ஹூம்' பொருத்தம்னு சிலர் சொல்வாங்க. மா டீச்சர் பாடப்புத்தகத்துல இருக்கறபடிதான் கேள்வி வச்சிருக்காங்க. பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த வகையில பார்த்தா அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. என்னைவிட அவங்களுக்குத்தான் இலக்கணம் நல்லாத் தெரியும்..." என்று இரண்டு நிமிஷத்துக்கு மேல் போயிற்று.

மா டீச்சர் மேசையைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பிக் கொரிய மொழியில் சொன்னார்.

"ரெண்டும் சரிதாங்க. கேள்வியில பிழை. வச்சது நான்."

சனிக்கிழமை வகுப்பின் தயவில் அந்த மூன்று வாக்கியமும் ஓர்லாவுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தன.

குக் கழுத்தை நீட்டினார். "அவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார்.

நடைவழியில் ஓர்லா ஓடிப்போய் மா டீச்சரைப் பிடித்தாள். "நான் இன்னும் நிறையச் சொன்னேனே. நீங்க எதையும் சொல்லலையே!"

"மற்றவை விடை அல்ல. உபசாரம்."

"என்னை மன்னிச்சிருங்க, மா டீச்சர்."

"எதற்கு? நீ சொன்னது சரி. நான் கோபமாக இருக்கிறேன். இரண்டும் வேறு வேறு." இரண்டடி நடந்துவிட்டு நின்றார். "அந்த மாணவி கேட்டவுடன் நீ முதலில் என்னிடம் வந்திருக்கலாம். நான் இரண்டு மேசை தள்ளித்தான் இருக்கிறேன்."



தாள்களை மறுபடி திருத்தினார்கள். காராமுக்கு எண்பத்தெட்டு தொண்ணூற்றொன்று ஆயிற்று. அவள் படியில் ஓர்லாவைப் பார்த்து எக்கிக் குதித்துக் கையைத் தட்டிவிட்டுப் போனாள். குக் சொன்னதுபோலவே அம்மாக்களின் போன் வர ஆரம்பித்தது. அப்போ எங்க பிள்ளை ராத்திரி பகலா இலக்கணம் படிச்சது வீணா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. மா டீச்சர் எல்லாப் போனையும் தானே எடுத்தார். எழுந்து நின்று, எதிரில் ஆள் இருப்பதுபோலக் குனிந்து குனிந்து, "என் தப்புதாங்க, மன்னிக்கணும்" என்றார். இரண்டு நாள் இதே கதை.

அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க ஓர்லாவால் முடியவில்லை. போனை வாங்கிப் பேச அவளுக்கு மொழியும் பத்தாது. மதியச் சாப்பாட்டு வரிசையை மேய்ப்பது அந்த வாரம் மா டீச்சரின் முறை. யாரும் சொல்லாமலே ஓர்லா போய் நின்றுகொண்டாள். இருநூறு பிள்ளைகள் தட்டோடு இடித்துக்கொண்டு வந்தார்கள். "இடிக்காதே, வரிசை, வரிசை!" என்று தனக்குத் தெரிந்த கொரிய மொழியில் தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

நவம்பரில் மதிப்பீட்டுத் தாள் வந்தது. துறைத் தலைவி போட்ட மார்க்கை வைத்துத்தான் காண்ட்ராக்ட் நீளும். குக் அதைத் தயங்கித் தயங்கி நீட்டினார். வகுப்பு நடத்துவதில் பத்துக்குப் பத்து. தயாரிப்பில் ஒன்பது. சக ஆசிரியர்களோடு ஒத்துழைப்பு என்ற கட்டத்தில் ஆறு.

"பாஸ்தான், கவலையில்ல. ஆனா இந்த ஆறு மட்டும்... நான் வேணா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கவா?"

"வேண்டாம் சார், ஆறு சரிதான்" என்று சொல்லிவிட்டு ஓர்லா கையெழுத்துப் போட்டாள்.

டிசம்பரில், பருவ இறுதித் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, மா டீச்சர் எழுந்து அவளுடைய மேசைக்கே வந்து நின்றார்.

"வா. போனை இங்கேயே வைத்துவிடு."

கேள்வித்தாள் அறையின் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார். முப்பது கேள்விகள். நாலாவதில் ஓர்லா ஒரு சந்தேகம் சொன்னாள். மா டீச்சர் பேசாமல் திருத்திக்கொண்டார். பதினொன்றாவது கேள்விக்கு அவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் வாதாடினார்கள். இந்த முறை ஓர்லாவும் காரணம் வைத்திருந்தாள், செயப்படுபொருள் உட்பட. மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. மா டீச்சர் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துத் தோல் அறுபடாமல் சீவி, பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு. தாளில் சாறு சொட்டக் கூடாது."

இருபத்தாறாவது கேள்விக்கு வரும்போது மணி இரண்டாகியிருந்தது. ஓர்லா படித்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் தப்பில்ல, மா டீச்சர்."

"இன்னும் ஒருமுறை படி" என்றார்.

ஓர்லா விரலை நக்கித் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.