ஒளிபரப்பில் வராத கோழிக்குழம்பு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யை எழுதியவள் நான்தான். 1997இல் ஒரு தனியார் தொலைக்காட்சியில் ஞாயிறு காலை வந்த சமையல் நிகழ்ச்சிக்குப் பின்னணி வசனம் எழுதுவது என் வேலை. ஊர் ஊராகப் போய், வரப்பிலும் வேலியிலும் தானாக முளைப்பதைப் பறித்துச் சமைக்கச் சொல்லிப் படம் பிடிப்போம்.

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "ஐப்பசி மழை ஓய்ந்த காலையில், சோளக்காட்டின் நடுவே..." வேண்டாம், நிகழ்ச்சி வசனத்தின் வாடை அடிக்கிறது. "பூவாத்தாள் ஓர் எளிய..." ஐயோ, இதுவும் வேண்டாம். அந்தச் சொல்லால்தான் வினையே வந்தது.

2

பூவாத்தாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே தோட்டம், கிணறு, எட்டு உருப்படி மாடு. மகள் கீதாவை வெள்ளகோவிலில் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

நாங்கள் ஏழு பேர் வேனில் போய் இறங்கியபோது, இரண்டு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல சாப்புடுங்க. கீரையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க."

இயக்குநர் திருமலைசாமிக்கு அவசரம். மழை மூட்டம், வெளிச்சம் போய்விடுமாம். பூவாத்தாள் சோளக்காட்டில் குனிந்து பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கிள்ளி மடியில் கட்டிவந்தார். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்தார். (இங்கே அவருடைய கைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். கைகளை வர்ணிப்பது முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கும் வழி.)

நிகழ்ச்சியை நடத்தும் பெண்ணுக்கு இலை போட்டு, கம்பஞ்சோற்றில் கீரையை ஊற்றச் சொன்னார் திருமலைசாமி. பூவாத்தாளின் கரண்டி நின்றது.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்தவிங்களுக்கு எலையில கீரையா ஊத்தறது? இது காட்டு வேலை முடிச்சு வந்து நாங்க எங்களுக்குள்ள திங்கறதுங்க. பாக்கறவிங்க என்ன நெனைப்பாங்க?"

"சும்மா படத்துக்குத்தானுங்கம்மா," என்றார் இயக்குநர்.

பூவாத்தாள் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அம்மணி. தப்பா வந்துராதா?"

நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். எனக்குத் தெரியும். ஆனாலும், "வராதுங்க," என்றேன்.

ஊற்றினார். கேமராவை அணைத்த பிறகு ஏழு பேரும் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.*

* மூன்றாம் முறையும். கதையிலாவது உண்மை பேசுகிறேன்.

3

நான் எழுதிய வசனம் இது: "இந்த எளிய குடும்பத்தில் விருந்தாளிக்கும் காட்டுக்கீரைதான். இருப்பதைப் பகிரும் மனசு பெரிது." பாராட்டித்தான் எழுதினேன். அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

வெள்ளகோவிலிலும் அதைப் பார்த்தார்கள். வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை: வீட்டார் தங்களுக்குள் எதையும் தின்னலாம். வந்தவருக்குக் காட்டில் களையாக முளைத்த கீரையைக் கடைந்து ஊற்றினால், அது வந்தவரை மதிக்காத வீடு. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆறுச்சாமி சொல்லியனுப்பினார்: "டிவிக்காரவிங்களுக்கே கீரைதானுங்களாம். நாளைக்கு நம்ம சனம் போனா எலையாச்சும் போடுவாங்களா?"

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

4

பூவாத்தாள் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக வந்திருக்கும்.

"எங்கூட ஒருக்கா வெள்ளகோவில் வாரயா அம்மணி? கோழிதான் தின்னோம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீன்னா போதும். நானே சொன்னா, சமாளிக்கறாம்பாங்க."

"வெள்ளிக்கிழமை வாரேனுங்க," என்றேன். காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு.

வியாழனன்று திருமலைசாமி கூப்பிட்டார். "நாம போட்டது பொய்யின்னு நீங்களே போய்ச் சொல்லப் போறீங்களா? அப்பறம் எந்த ஊர்ல நம்மள உள்ள உடுவாங்க?" அவர் தடுக்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

நான் போகவில்லை.

5

முதலில் எழுதிய முடிவு: நான் போகிறேன், சொல்கிறேன், ஆறுச்சாமி சிரித்துவிடுகிறார், தையில் மேளம். எழுதிவிட்டு அழுதேன். மறுநாள் கிழித்தேன். அதில் எனக்குத்தான் நல்ல பெயர்.

அடுத்த முடிவில் கீதா நிமிர்ந்து நின்று, "கீரைக்காக நின்னு போற சம்பந்தம் எனக்கு வேண்டாமுங்க," என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படப்பிடிப்பன்று அவள் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளையின் போட்டோவைப் புடவை மறைவில் காட்டி, "நல்லா இருக்கறாங்களாக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பிடித்திருந்தது. என் வசதிக்காக அவள் வாயில் வீர வசனத்தை வைக்க எனக்கு என்ன உரிமை?

இனி நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ஃபோன் அடித்தது. எடுத்தது நான்தான். பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து பூவாத்தாள்.

"ஏனுங்க, வசனம் எழுதற அம்மணி இன்னும் வரலீங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

குரலை மாற்றிக்கொண்டு, "ஆமாங்க, காய்ச்சல்," என்றேன்.

"அடடா. அப்ப படுத்திருக்கச் சொல்லுங்க. நான் நாளைக்கு வந்து நிக்கறனுங்க."

சனிக்கிழமை காலையை என்னால் எழுத முடியவில்லை. உங்களிடம் விடுகிறேன். என்னை நல்லவளாக்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். ஏழு மணிக்குள் அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும்.