சீல் வைத்த கிணறுகள்

"புரோகிராமர்களே வருக! எங்கள் தரவு இனி உங்கள் கையில்!" என்று தொண்டு நிறுவனம் வாசலில் பேனர் கட்டியது. எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் எனக் காட்டும் செயலிக்காக, நானூறு கிணறுகளைச் சோதித்த களப்பணியாளர் அக்கா நிறுவன இயக்குநரிடம் ஆறு மாதமாகக் கெஞ்சியதன் பலன் அது.

வந்தவர்கள் தரவுக் கோப்பைத் திறந்தார்கள். அக்காவின் எக்செல் அட்டவணையை அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்தி, போட்டோ பிடித்து வைத்திருந்தார் இயக்குநர். சீல் மயிரிழை பிசகாமல் எண்களின் மேலேயே விழுந்திருந்தது.

"எக்செல்லையே குடுத்திருக்கலாமே சார்?" என்றாள் ஒரு புரோகிராமர்.

"யாராச்சும் எடுத்துட்டா என்னம்மா பண்றது?"

"எடுத்துக்கத்தானே சார் கூப்பிட்டீங்க?"

இயக்குநர் அவசரமாக எல்லோருக்கும் டீ-ஷர்ட் வழங்கி, குழுப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அக்கா அந்தப் புரோகிராமர் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தார்.

"இதுல சீல் இல்லம்மா. பரவாயில்லையா?"