மேசையோடு போன பேச்சு

சவரிராயனைத் தெருவில் கண்டால் புதுச்சேரியில் பாதிப் பேர் முந்திக்கொண்டு கும்பிட்டார்கள். இத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் அறுவை மேசையின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளியின் மூக்கையும் வாயையும் மூடிய துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆளைத் தூங்கவைப்பவர், அவ்வளவுதான். ஆனால் ஈதர் ஏறிய மனிதன் உடனே தூங்கிவிடுவதில்லை. நடுவில் சில நிமிஷம் மனசில் கிடப்பதையெல்லாம் பேசுவான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லாமல் விழுங்கியதைக்கூட அந்த மேசையில் கொட்டிவிடுவான். டாக்டர் வெள்ளைக்காரர். உதவிக்கு நிற்கும் கன்னியாஸ்திரியும் வெள்ளைக்காரி. அந்த அறையில் தமிழ் புரிகிற காது ஒரு ஜோடிதான், அது சவரிராயனுடையது.

கண் விழித்ததும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"நான் ஏதாச்சும் பேசினனா?"

சவரிராயனும் எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார். "பேசினது மேசையோட போச்சு. நான் மறந்துட்டேன்."

மறந்துவிட்டதாகச் சொல்கிறவனை யார் நம்புவார்கள்? பத்திரம் எழுதும் நொத்தேர் அவரைக் கண்டால் நாற்காலி போடச் சொன்னார். கோயிலில் முன்வரிசை அவருக்காகக் காலியாகக் கிடந்தது. மீன்காரி அவர் கூடைக்கு மட்டும் செவுளைத் தூக்கிக் காட்டி நல்ல மீனாகப் பொறுக்கிப் போட்டாள். அவளுக்குப் போன வருஷம்தான் வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள்.

உண்மை என்னவென்றால், சவரிராயனுக்குக் காது கேட்காது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சுத்தமாக அடைத்துப்போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. வெளியே சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் நெல்லித்தோப்பில் இருக்கும் இரண்டு அறை வாடகை வீடும் போய்விடும். அதனால் கண்ணாலும் விரலாலும் கேட்கப் பழகிக்கொண்டார். மயக்கம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மற்றவர்கள் மூச்சுச் சத்தத்தில் அறிந்தார்கள் என்றால், இவர் புறங்கையில் படும் மூச்சின் சூட்டில் அறிந்தார். சுண்டுவிரல் தாடைக்கடியில் நாடியை விட்டு நகராது. கண்ணிமையைத் தொட்டுப் பார்ப்பார், கண்பாவை சுருங்குகிறதா என்று பார்ப்பார், கையைத் தூக்கிவிட்டு அது விழுகிற விதத்தைப் பார்ப்பார். எட்டு வருஷத்தில் அவர் கையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. பழைய டாக்டர் மீசை இல்லாதவர், முகத்தில் துணி கட்டுகிற வழக்கமும் இல்லாதவர். அவர் உதடு அசைந்தால் சவரிராயனுக்குப் பிரெஞ்சு புரிந்துவிடும்.

வீட்டில் மனைவி ஆனந்தமேரிக்கும் நான்கு வருஷத்துக்கு முன்புதான் விஷயத்தைச் சொன்னார், அதுவும் அப்போதுதான் காது போனது மாதிரி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவளையும் அதே மேசையில் படுக்கவைத்தார்கள். அவர்தான் ஈதர் விட்டார். துணி அவள் உதட்டோடு ஏறி ஏறி இறங்கியதை வைத்து, நிறையப் பேசுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. கண் விழித்து அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். வாய்ப் பழக்கத்தில் அவரும் அதே பதிலைத்தான் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அன்றோடு அவளுடைய சண்டைக்குணம் போயிற்று. மீன்தலை தினமும் இவர் தட்டுக்கு வந்தது. உயிரைக் காப்பாற்றிய நன்றி என்று இவரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு வந்தார்.

முப்பத்தாறாம் வருஷம் பழைய டாக்டர் கப்பலேற, புது டாக்டர் வந்து இறங்கினார். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மேசைக்கு வந்தார். சவரிராயனுக்கு அவர் உதடு தெரியவில்லை. அன்று படுத்திருந்தவர் மில் மேஸ்திரி ஆதிமூலம், குடலிறக்கம். டாக்டர் கத்தியை எடுத்துக்கொண்டு, ஆள் தூங்கியாயிற்றா என்று கேட்டார். சவரிராயன் குனிந்தபடியே துணியில் இன்னொரு சொட்டு விட்டார். இரண்டாவது முறை கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, முக்காலிக்குப் பின்னால் போய் ஒரு பித்தளைத் தட்டைத் தரையில் போட்டார். கன்னியாஸ்திரி துள்ளி விழுந்தார். பாதி மயக்கத்தில் கிடந்த ஆதிமூலத்தின் இமைகூடத் துடித்தது. சவரிராயன் திரும்பவில்லை. துடித்த இமையைக் கவனமாகப் பார்த்து, இன்னும் ஆழம் போகவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, மேலே நான்கு சொட்டு விட்டார்.

ஆதிமூலத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. சவரிராயனுக்குத்தான் வந்தது. டாக்டர் கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க, குமாஸ்தா பலராமன் பக்கத்தில் நின்றார். எத்தனை நாளாக என்ற கேள்விக்கு, எட்டு வருஷத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை என்ற பெருமையில், எட்டு வருஷம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எழுதினார் டாக்டர். பலராமன் வாயில் எதுவும் தங்காது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஊர் உட்கார்ந்து கணக்குப் போட்டது. எட்டு வருஷத்துக்குள் படுத்தவர்கள் நெஞ்சு நிமிர்ந்து நடந்தார்கள். நொத்தேருக்கு ஆபரேஷன் நடந்து ஆறரை வருஷம்தான். நாற்காலி அன்றோடு நின்றது. முன்வரிசையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரி கண் வெளுத்த மீனைக் கூடையில் போட்டு, "பாத்து தின்னு பெரியவரே, முள்ளு இருக்கும்" என்று சிரித்தாள். ஒன்பது, பத்து வருஷத்துக்கு முன்னால் படுத்த நாலைந்து பேர் மட்டும் முன்னைவிட அதிகமாகக் குனிந்தார்கள். இத்தனை நாள் தனக்குக் கிடைத்த மரியாதையெல்லாம், தான் கேட்காத விஷயங்களுக்குத்தான் என்பது சவரிராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரொம்ப வலித்தது.

அவர் இடத்துக்குக் காரைக்காலிலிருந்து ஓர் இளைஞனை வரவழைத்தார்கள். படித்தவன், காது கூர்மை. ஈதர் புட்டியோடு அவன் வந்து நின்றதும், முதல் நோயாளி மேசையிலிருந்து இறங்கி வேட்டியைக் கட்டிக்கொண்டான்.

"இவன் ஊத்தறதா இருந்தா எனக்கு ஆபரேஷனே வேணாம். அந்தச் செவிட்டு ஆள கூப்புடுங்க."

அடுத்தவளும் அதையே சொன்னாள். வாரம் முழுக்க மேசை காலியாகக் கிடந்தது. இது என்ன நாடு என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் ஆள் அனுப்பி சவரிராயனைக் கூப்பிட்டு, இனிமேல் கேட்க வேண்டியதைத் தோளில் தட்டிக் கேட்பதாக எழுதிக் காட்டினார். காது கேட்கிறது என்று எட்டு வருஷம் ஏய்த்துக் காப்பாற்றிய வேலை, கேட்காது என்று அம்பலமானதும் நிரந்தரமாகிவிட்டது.

சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஆனந்தமேரி அடுப்படியில் இருந்தாள். அந்த ஒரு வாரமும் அவள் எதையும் கேட்கவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை திரும்பக் கிடைத்ததைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு இவர் எதிரே வந்து உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"எட்டு வருஷமாவா?"

"ஆமா."

"நாலு வருஷம்னுதான எங்கிட்ட சொன்னீங்க."

"பயந்துட்டேன், மேரி."

அவள் விரல்கள் முந்தானையைச் சுருட்டின. "அப்போ என்னய அறுத்த அன்னிக்கு, மேசைல நான் சொன்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஒரு காது கேட்டது என்றால் போதும், மீன்தலை பழையபடி வரும். ஆனால் ஆறு வருஷமாக அவள் எதற்கு அப்படி நடந்துகொண்டாள் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்குப் புரிந்தது. அவள் எதையோ சொல்லி, இவர் மன்னித்துவிட்டார் என்று நம்பி வாழ்ந்திருக்கிறாள். மன்னிக்கவே இல்லாத ஒன்றுக்குத் தான் கூலி வாங்கித் தின்றிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"கேக்கல" என்றார்.

அவள் எழுந்தாள். அடுப்புப் பக்கம் திரும்பி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொண்டை அசைந்தது. தோள் ஏறி இறங்கியது. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

சவரிராயன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்படிக்கு இரண்டே எட்டு. எழுந்து பக்கத்தில் போய் நின்றால் உதடு தெரிந்துவிடும். எந்தச் சொல்லும் தப்பாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கூட விட்டார். பிறகு அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் தோள் அடங்கும்வரை அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு சீராகிவிட்டது என்பதை இங்கிருந்தே அவரால் சொல்ல முடிந்தது.

அவள் திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள்.

"பேசினது மேசையோட போச்சு" என்றார் சவரிராயன். "நான் மறந்துட்டேன். சோத்தப் போடு."