ட்ரேயில் வைக்கும் கை

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. அறிவியல் இதழ் ஒன்றுக்காக நொதிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ‘உயிரணுவுக்குள் புரதம் தயாராகும்போது, அமினோ அமிலங்களை…’ அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் சம்பங்கி குறுக்கே வந்துவிட்டாள். வந்தவள் போகவேயில்லை.

பாகலூர்க்காரி. தாய்மாமன் வெங்கடப்பனைக் கட்டியவள். (முதலில் அவளைப் பயந்தாங்கொள்ளியாக எழுதினேன். பொய்யாகப் பட்டது; அடித்துவிட்டேன்.) மகள் மோகனப்ரியாவுக்கு மூன்று வயதாகியும் உட்கார வரவில்லை.

2

வெங்கடப்பனுக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை என்று தெரிந்ததும், பெங்களூரு மருத்துவர் அந்த வழியிலேயே விளக்கினார். புரதம் தயாராவது ஓர் அசெம்பிளி லைன். அமினோ அமிலங்கள் பாகங்கள். அவற்றைச் சுமந்து வரும் ட்ரேதான் கடத்து ஆர்.என்.ஏ. எந்தப் பாகம் எந்த ட்ரேக்கு என்று பார்த்து, கொஞ்சம் சக்தியைச் செலவழித்து ஒட்டிவைப்பது நொதி. ஒவ்வொரு வகைப் பாகத்துக்கும் தனி நொதி. லைனில் ட்ரேயில் தொங்கும் அடையாள டேக்கைத்தான் பார்ப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: அதனால்தான் இந்த நொதிகளில் பலவும், தவறாக ஒட்டியதைத் தாமே பிய்த்துப் போடும். கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.)

மோகனப்ரியாவுக்கு அப்படியொரு நொதி மந்தம். ட்ரேக்கள் போதுமான அளவு நிரம்புவதில்லை.

வெங்கடப்பன் நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டான். “அந்த ஆப்பரேட்டர மாத்திட்டு வேற ஆளப் போட முடியாதுங்களா சார்?”

மருத்துவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. முடியாது என்றார். அந்த நொதிக்கு அப்பாவிடமிருந்து ஒரு மரபணு, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். இவர்கள் ஒரே குடும்பம் என்பதால் இருவரிடமும் ஒரே பழுது ஒளிந்திருந்தது; மகளுக்கு இரண்டுமே பழுதாக வந்துவிட்டன. இனி சொந்தத்துக்குள் கட்டுவதென்றால் முதலில் ரத்தம் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

3

இப்போது சம்பங்கியின் தங்கை அருணாவை வெங்கடப்பனின் தம்பி கிருஷ்ணப்பனுக்கு நிச்சயம் செய்கிறார்கள். முறை சரியாக இருக்கிறது; வேறென்ன பார்க்க? (‘முறை என்பதும் ஒரு டேக்தான்’ என்று எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டதால் அடித்துவிட்டேன்.)

நிச்சயத்தன்று காலையில் சம்பங்கி புருஷனிடம் சொன்னாள். “டாக்டர் சொன்னத சபையில சொன்னா நம்ம கண்ணாலமே தப்புன்னு ஆயிடும் மாமா.”

அவன் என்றால் அவளுக்கு உயிர். சொல்லாவிட்டால் அருணாவும் ஒருநாள் உட்காராத பிள்ளையை மடியில் வைத்திருக்கக்கூடும். வெங்கடப்பன் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

4

முதல் முடிவு: சம்பங்கி பேசவில்லை. தட்டு மாறியது, எல்லோரும் சாப்பிட்டார்கள். எழுதிவிட்டேன், அப்புறம் அருணாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் முடிவு: சம்பங்கி எழுந்து அருமையாகப் பேசினாள், சபை முழுவதும் தலையாட்டி… எந்த நிச்சயத்தில் அப்படி நடந்திருக்கிறது?

மூன்றாவது நான் யோசித்ததில்லை. தாம்பூலத் தட்டை மாற்றப்போகும் நேரத்தில், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவன் வெங்கடப்பன்.

“தட்டக் கீழ வைங்க மாமா. ரெண்டு பேருக்கும் மொதல்ல ரத்தம் பாக்கலாம். எங்க கண்ணாலம் தப்பில்ல. பாக்காம உட்டதுதான் தப்பு.”

சம்பங்கி அழுதுவிட்டாள். நானும்தான்.

அருணாவின் அப்பா கையில் தட்டு அப்படியே நிற்கிறது. அவர் தன் பேத்தியைப் பார்க்கிறார். தட்டைக் கீழே வைப்பதா, நீட்டுவதா என்று அவருக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பெண்ணைப் பெற்றவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீங்கள் சொல்லுங்கள். அவருக்குக் கை வலிக்கிறது.